தீக்குச்சிக்கு ஒரு வக்காலத்து

டிஸ்கி: நீளமான பதிவு. டீ எடுத்துக்கொண்டு உட்காரவும். "காட்டைக் கொளுத்தச் சொல்றியா?" என்று ஆட்டோ அனுப்ப நினைப்பவர்கள் கடைசி வரி வரை படித்துவிட்டு அனுப்பவும் :-)

அமெரிக்காவில் இல்லினாய், விஸ்கான்சின், அயோவா பக்கம் மார்ச், ஏப்ரல் வந்தால் ஒரு கூத்து நடக்கும். மஞ்சள் சட்டை, ஹெல்மெட், முதுகில் தண்ணீர்ப் பை சகிதம் ஒரு பத்துப் பேர், "இயற்கைப் பாதுகாப்புப் பகுதி" என்று பலகை வைத்த இடத்துக்குள் போய், தங்கள் கையாலேயே தீ வைப்பார்கள். அரை மணி நேரத்தில் இடம் முழுக்கக் கரி. யாராவது அதைப் படமெடுத்து நெட்டில் போட்டால் போதும், கீழே வரிசையாக வந்து விழும்: "பாவிகளா, பறவைகள் என்ன பாவம் பண்ணுச்சு?", "மரம் நடச் சொன்னா மரத்தைக் கொளுத்துறானுங்க", "இவனுங்களுக்கு இயற்கை மேல அக்கறையே இல்ல".

நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிர். அந்த மண்ணைக் காப்பாற்றுவது தீ வைக்கிற அந்தப் பத்துப் பேர்தான். அதைச் சாகடித்தவர்களில் கலப்பைக்கு அடுத்த இடம், வாழ்நாளில் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்காத, நல்ல மனசுக்கார, "தீ என்றாலே கெட்டது" என்று நம்பிய கனவான்களுக்குத்தான். அந்தக் கனவான்களை யாரும் திட்டுவதில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதலில் கணக்கு

பி.காம். படிக்கிறவனிடம் வந்து மாட்டிக்கொண்டீர்கள், கணக்கில்லாமல் விடமாட்டேன்.

வட அமெரிக்காவின் நடுவில் ஆளுயரப் புல் வளரும் சமவெளி இருந்தது. அதை டால்கிராஸ் பிரெய்ரி என்பார்கள். மொத்தம் சுமார் 17 கோடி ஏக்கர். இன்று மிச்சம் 4 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி கான்சாஸ் மாநிலத்தில் ஃபிளிண்ட் ஹில்ஸ் என்ற ஒரே இடத்தில். இல்லினாய் மாநிலத்துக்குப் பட்டப்பெயரே "பிரெய்ரி மாநிலம்". அங்கே ஒரு காலத்தில் 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி இருந்தது. இன்று கெடாமல் நல்ல நிலையில் இருப்பது அதில் 0.01 சதவீதம்கூட இல்லை. பத்தாயிரம் ரூபாய் வைத்திருந்தவன் கையில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை என்று அர்த்தம். பெயர் மட்டும் பெத்த பேரு.

ஓக் சவானாவின் கதையும் அதேதான். சவானா என்றால் அடர்காடு இல்லை. புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படர்ந்து நிற்கும் ஓக் மரங்கள், கீழே வெயில், பூக்கள், புல். விக்டோரியா நுஸ்ஸோ என்ற சூழலியலாளர் 1985 நிலவரத்தைக் கணக்கெடுத்து 1986ல் வெளியிட்டார். மத்திய மேற்குப் பகுதியில் முன்பு இருந்தது 1.1 கோடி முதல் 1.3 கோடி ஹெக்டேர். 1985ல் நல்ல நிலையில் மிஞ்சியது 113 துண்டுகள், மொத்தம் 2,607 ஹெக்டேர். அதாவது 0.02 சதவீதம்.

பெரும்பகுதியைத் தின்றது கலப்பைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1837ல் ஜான் டியர் என்ற கொல்லர் இல்லினாயில் எஃகுக் கலப்பை செய்தார். பிசுபிசுவென்று ஒட்டும் கரிசல் மண்ணை அது வெண்ணெய் மாதிரி வெட்டியது. பிறகு சோளமும் சோயாவும் வந்தன. சரி, அது வயிற்றுப்பாடு, விட்டுவிடுவோம். என் சண்டை கலப்பை தொடாத மிச்சத்தைப் பற்றியது. சுடுகாட்டு ஓரம், ரயில் பாதை ஓரம், கல்லுப் பாறை, ஆற்றங்கரை என்று தப்பித்த அந்தச் சில்லறையும் ஏன் செத்தது? வேலி போட்டு, பலகை நட்டு, "யாரும் தொடாதீர்கள்" என்று பத்திரமாகப் பூட்டி வைத்ததால் செத்தது.

புல்லின் பேங்க் லாக்கர்

இல்லினாயில் வருடத்துக்கு 900 மி.மீ.க்குக் குறையாமல் மழை பெய்கிறது. அவ்வளவு மழையில் மரம் தாராளமாக வளரும். அப்படியானால் ஆயிரக்கணக்கான வருடங்களாக அங்கே காடு வராமல் புல் எப்படி ஜெயித்தது? ஒரு வார்த்தைப் பதில்: தீ. காட்டெருமை மேய்ச்சலும் வறட்சியும் கூட இருந்தன. ஆனால் ஆட்டத்தை முடித்தது தீ.

எப்படி என்று கேளுங்கள். மரம் தன் சொத்தையெல்லாம் வெளியே ஷோகேஸில் வைத்திருக்கிறது. தண்டு, கிளை, நுனி மொட்டு எல்லாம் தரைக்கு மேலே. புல் அப்படி இல்லை. பிக் புளூஸ்டெம் என்ற பிரெய்ரிப் புல்லுக்கு வேர் 2 மீட்டருக்கு மேலேயே இறங்கும். வளரும் முனை தரையோடு தரையாக அல்லது தரைக்குக் கீழே. மேலே நிற்பது செலவுக்கு வைத்த சில்லறை, மூலதனம் முழுக்க லாக்கரில். தீ வந்தால் மரக்கன்று மொத்தமாகத் திவால். புல்லுக்குச் சில்லறை போச்சு, அவ்வளவுதான். சில வாரங்களில் திரும்பத் துளிர்க்கும்.

துளிர்ப்பது மட்டுமில்லை, முன்பைவிட ஜோராகத் துளிர்க்கும். எரிக்காத பிரெய்ரியில் போன வருடப் புல், அதற்கு முந்தைய வருடப் புல் என்று சருகு மெத்தை மாதிரி மூடிக்கொள்ளும். வெயில் மண்ணில் படாது. தீ அந்த மெத்தையைச் சுருட்டி எடுக்கிறது. கறுத்த மண் வசந்த காலத்து வெயிலை வாங்கிச் சீக்கிரம் சூடாகிறது. புல்லும் பூச்செடியும் முன்னதாகவே கிளம்புகின்றன. வெளியூரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட குளிர்காலப் புல் வகைகள் அந்த நேரத்தில் ஏற்கெனவே பச்சையாக நிற்பதால் அவைதான் சூடு பட்டுப் பின்தங்குகின்றன. மார்ச்-ஏப்ரல் என்று நேரம் பார்த்து எரிப்பதன் சூட்சுமம் இதுதான்.

ஓக்கும் மேப்பிளும்

"சரி, புல்லுக்குப் புரிகிறது. ஓக் மரம்தானே, அதை ஏன் எரிக்கணும்?" என்பீர்கள். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

பர் ஓக் என்று ஒரு வகை. அதன் பட்டை கார்க் மாதிரித் தடிமன், அதாவது இன்சூரன்ஸ் எடுத்த மரம். புல் எரிந்து போகும் சில நிமிடச் சூடு உள்ளே போகாது. ஓக் கன்று எரிந்தாலும் வேர் சாகாது. வேரைப் பெருக்கிக்கொண்டே திரும்பத் திரும்பத் துளிர்க்கும். தீ சில வருடம் ஓய்வு கொடுத்ததும் சரசரவென்று மேலே போய்விடும். ஆனால் ஓக் கன்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு: வெளிச்சம் வேண்டும். நிழலில் அது வளராது.

மேப்பிள் அதற்கு நேர் எதிர். பட்டை மெலிசு, தீ தாங்காது. ஆனால் நிழலில் ஜம்மென்று வளரும். தீயை நிறுத்தினால் என்ன ஆகும்? பெரிய ஓக் மரங்களுக்குக் கீழே மேப்பிள் கன்றுகள் சத்தமில்லாமல் குடியேறும். நிழல் கூடும். ஓக் கன்று ஒன்றுகூடப் பிழைக்காது. மேலே 200 வயதுத் தாத்தாக்கள், கீழே பேரன் யாருமே இல்லை. பார்க்கிறவனுக்கு "ஆஹா, என்ன அடர்த்தியான காடு!" என்று தோன்றும். உள்ளே வாரிசில்லாத வீடு.

இதிலும் ஒரு விஷச் சுழல் இருக்கிறது. ஓக் இலை காய்ந்தால் சுருண்டு, நடுவில் காற்றுப் புகுந்து, எளிதில் பற்றும். மேப்பிள் இலை தட்டையாக, ஈரமாக, படிந்து கிடக்கும், லேசில் பற்றாது. அதனால் மேப்பிள் கூடக் கூடத் தீ பரவுவதே கஷ்டமாகும். தீ குறையக் குறைய மேப்பிள் இன்னும் கூடும். கந்துவட்டி மாதிரி. ஒரு கட்டத்துக்கு மேல் நீங்களே தீ வைக்க நினைத்தாலும் பற்றாது. நோவாக்கி, ஏப்ரம்ஸ் என்ற இருவர் 2008ல் "பயோசயின்ஸ்" இதழில் இதை விரிவாக எழுதி, "மெசோஃபிகேஷன்" என்று பெயரும் வைத்தார்கள். தமிழில் "காடு நமுத்துப் போதல்" என்று சொல்லலாமா? :-)

மேப்பிளும் மரம்தானே, என்ன நஷ்டம்? ஓக் கொட்டையைத் தின்னும் மான், வான்கோழி, அணில், மரங்கொத்தி எல்லாம் நஷ்டப்படும். டக் டாலமி என்ற பூச்சியியல் பேராசிரியர் கிழக்குக் கடற்கரையின் நடுப்பகுதிக்குப் போட்ட பட்டியலில் ஓக் இனங்களை நம்பியிருக்கும் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி வகைகள் மட்டும் 500க்கு மேல். புழு இல்லையென்றால் குஞ்சுக்குத் தீனி இல்லை. ஓக் கடையை மூடினால் அந்தத் தெரு முழுக்க மூடும்.

கொளுத்தியது யார், நிறுத்தியது யார்

இந்தத் தீயில் கொஞ்சம் மின்னலால் வந்தது. பெரும்பகுதி மனிதர்கள் வைத்தது. பொட்டாவாட்டமி, ஹோ-சங்க், ஓசேஜ், கான்சா என்று அந்த மண்ணின் பழங்குடிகள் வைத்தார்கள். எரிந்த இடத்தில் வரும் இளம்புல்லுக்குக் காட்டெருமையும் மானும் தேடி வரும். பார்வை மறைக்காது, நடக்க வழி கிடைக்கும், பெர்ரிச் செடிகள் நன்றாகக் காய்க்கும். விளையாட்டுக்கு வைத்த தீ இல்லை அது. எப்போது, எங்கே, எந்தக் காற்றில் என்று தெரிந்து வைத்த தீ.

1830ல் பழங்குடிகளை அப்புறப்படுத்தும் சட்டம் வந்தது. 1833ல் சிகாகோ ஒப்பந்தம். 1838ல் இண்டியானாவிலிருந்து சுமார் 850 பொட்டாவாட்டமிகளைத் துப்பாக்கி முனையில் கான்சாஸுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் 40க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அதில் பெரும்பாலோர் குழந்தைகள். தீயை அணைத்த முதல் தீயணைப்பு வண்டி அதுதான். தீ வைக்கத் தெரிந்த கையைத் துரத்திவிட்டால் தீ தானாக நின்றுவிடும்.

பிறகு அதற்கு ஒரு சாஸ்திரம் தேவைப்பட்டது. அமெரிக்க வனத்துறை 1905ல் தொடங்கியது, முதல் தலைவர் கிஃபோர்ட் பின்ஷோ. அவர் 1889ல் வனவியல் படிக்க ஐரோப்பாவுக்குப் போனபோது அவருக்கு வழிகாட்டியவர் யார் தெரியுமா? டீட்ரிக் பிராண்டிஸ். நம் நாட்டில் 1864ல் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியாக இருந்த அதே ஜெர்மானியர். மரக்கட்டைதான் வருமானம், தீ வருமானத்துக்கு எதிரி, தீ வைக்கும் ஊர்க்காரன் குற்றவாளி என்ற பார்வை அந்தக் காலத்து இந்திய வனத்துறையில் ஊறிப்போயிருந்தது. 1878 இந்திய வனச் சட்டம் ஒதுக்குக் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. ஒரே பாடப்புத்தகம், இரண்டு கண்டம்.

1910 ஆகஸ்டில் ஐடஹோ, மோன்டானா மலைகளில் இரண்டே நாளில் 30 லட்சம் ஏக்கர் எரிந்து 85 பேர் செத்ததும் வனத்துறைக்குத் தீ பரம எதிரி ஆனது. 1935ல் ஒரு கொள்கை: எந்தத் தீயானாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கியாக வேண்டும். 1944ல் ஸ்மோக்கி என்ற தொப்பி போட்ட கரடியை விளம்பரத்தில் இறக்கினார்கள். "காட்டுத் தீயை உன்னால் மட்டுமே தடுக்க முடியும்" என்று அந்தக் கரடி மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தது. 2001ல்தான் வாசகத்தைத் திருத்தி, திட்டமிடாத தீ என்ற பொருள் வரும் சொல்லைப் போட்டார்கள். அதற்குள் 57 வருடம். பிரெய்ரியில் பெரும்பகுதி வனத்துறைக்குச் சொந்தமில்லைதான், ஆனால் கரடி சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

ஆதாரம் எங்கே என்பவர்களுக்கு

மேடிசனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்போரீட்டம் இருக்கிறது. 1935 முதல் அங்கே ஒரு பழைய பண்ணை நிலத்தைத் திரும்பப் பிரெய்ரியாக்க முயன்றார்கள், உலகத்திலேயே முதல் முயற்சிகளில் ஒன்று. விதை போட்டார்கள், நாற்று நட்டார்கள். ஆனாலும் அந்நியப் புல் விடாமல் அமுக்கியது. 1940களில் ஜான் கர்ட்டிஸ், மேக்ஸ் பார்ட்ச் இருவரும் பாத்தி பிரித்து எரித்தும் எரிக்காமலும் சோதித்தார்கள். எரித்த பாத்தியில் அந்நியப் புல் தளர்ந்து பிரெய்ரிச் செடிகள் மேலே வந்தன. 1948ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த இடத்துக்கு இன்று பெயர் கர்ட்டிஸ் பிரெய்ரி.

அடுத்து கான்சாஸில் கோன்ஸா பிரெய்ரி. 1970களிலிருந்து இன்றுவரை ஓடும் சோதனை. நிலத்தை நீர்ப்பிடிப்புப் பகுதிகளாகப் பிரித்து, சிலதை வருடாவருடம், சிலதை 2 வருடத்துக்கு ஒருமுறை, சிலதை 4 வருடத்துக்கு, சிலதை 20 வருடத்துக்கு ஒருமுறை எரிக்கிறார்கள். அடிக்கடி எரித்தது புல்வெளியாகவே இருக்கிறது. 4 வருட இடத்தில் புதர் புகுந்துவிட்டது. 20 வருட இடத்தில் மரமே வந்துவிட்டது. இதைவிடப் பச்சையாக யார் சொல்ல முடியும்?

இன்னொன்றும் சொன்னது கோன்ஸா, அதை மறைத்தால் நான் நேர்மையில்லாதவன். வெறுமனே வருடாவருடம் எரித்துக்கொண்டே இருந்தால் பெரிய புல் மட்டும் கொழுத்து, பூச்செடி வகைகள் குறைகின்றன. 1987ல் அங்கே காட்டெருமைகளை விட்டார்கள். அது புல்லை விரும்பி மேயும், பூச்செடியைப் பெரும்பாலும் விட்டுவிடும். 2022ல் வெளிவந்த முடிவின்படி காட்டெருமை மேய்ந்த இடத்தில் தாவர வகைகள் சுமார் இரண்டு மடங்கு. ஆக தீ மட்டும் மருந்து இல்லை. தீயும் வாயும் சேர்ந்ததுதான் மருந்து.

எதிர்க்கட்சி வாதங்கள்

1. "கை மீறிப் போனால்?"

நியாயமான பயம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடந்ததைக் கேட்ட யாரும் தீயை விளையாட்டாகப் பேசமாட்டார்கள். 2000ல் நியூ மெக்சிகோவில் தேசியப் பூங்காத் துறை வைத்த தீ கைமீறி லாஸ் அலமோஸ் ஊருக்குள் புகுந்தது. 2022ல் அதே மாநிலத்தில் வனத்துறை வைத்த தீயும், ஜனவரியில் குவித்து எரித்த கட்டைக் குவியலில் பனிக்கடியில் உயிரோடு இருந்த கங்கும் சேர்ந்து 3.41 லட்சம் ஏக்கரை விழுங்கின. இழப்பீட்டுக்கு அமெரிக்க அரசு அந்த வருடமே ஒதுக்கியது கிட்டத்தட்ட 4 பில்லியன் டாலர். தீ வைத்தவர்கள் நிலம் எவ்வளவு காய்ந்து போயிருந்தது என்பதைக் குறைத்து எடைபோட்டார்கள். மன்னிப்பே கிடையாது.

ஆனால் முழுப் பேரேட்டையும் பாருங்கள். அந்தத் தீயின்போது வனத்துறை சொன்ன கணக்கு: வருடத்துக்குச் சுமார் 4,500 முறை எரிக்கிறார்கள், 99.84 சதவீதம் திட்டப்படியே முடிகிறது. தவிர, மலையில் ஊசியிலைக் காட்டை எரிப்பதும் சமவெளியில் புல்லை எரிப்பதும் ஒன்றில்லை. கட்டைக்குள் கங்கு நாள்கணக்கில் தூங்கும். புல் நிமிடங்களில் எரிந்து முடிந்துவிடும். ஓக் காட்டில் பட்ட மரம் இருந்தால் மட்டும் உட்கார்ந்து அணைத்துவிட்டுப் போக வேண்டும்.

எப்படிக் கட்டுக்குள் வைக்கிறார்கள்? காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்த்து, அது போய்ச் சேரும் எல்லையில்தான் முதலில் பற்ற வைப்பார்கள். அந்தத் தீ காற்றை எதிர்த்து மெதுவாக, குள்ளமாக நகரும். நகர்ந்த இடம் கறுப்பு. அதுதான் தீத்தடுப்புக் கோடு. கோடு அகலமானதும் பக்கவாட்டில் வைப்பார்கள். கடைசியாகத்தான் காற்று வரும் பக்கம். அந்தத் தீ பாய்ந்து வந்து, ஏற்கெனவே எரிந்த இடத்தில் மோதி, தின்ன ஒன்றுமில்லாமல் அணையும். காற்று வேகம், ஈரப்பதம் திட்டத்தில் எழுதிய அளவுக்கு வெளியே போனால் அன்றைக்கு வேலை ரத்து.

2. "பூச்சிகள் சாகுமே?"

சாகும். எதிர்வாதங்களில் கனமானது இதுதான். மிஞ்சியிருப்பதே துண்டு துண்டாக இருக்கும்போது, ஒரு துண்டை மொத்தமாகக் கொளுத்தினால் அங்கே சருகில் குளிர்காலம் கழிக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழு அனைத்தும் காலி, பக்கத்து ஊரிலிருந்து பறந்து வரவும் ஆளில்லை. பொவஷீக் ஸ்கிப்பர்லிங் என்ற பிரெய்ரி வண்ணத்துப்பூச்சி 2014ல் அழிவின் விளிம்புப் பட்டியலில் சேர்ந்தது. அது இருக்கும் துண்டில் தீக்குச்சியோடு நுழைகிறவன் பத்து தடவை யோசிக்க வேண்டும்.

ஆனால் இதற்குப் பதில் "எரிக்காதே" இல்லை, "மொத்தமாக எரிக்காதே". இந்த வருடம் ஒரு பங்கு, அடுத்த வருடம் வேறு பங்கு. ஃபிளிண்ட் ஹில்ஸில் பெரும்பரப்பை வருடாவருடம் ஒரே நேரத்தில் எரித்ததால் தரையில் கூடு கட்டும் பிரெய்ரிக் கோழிக்கு மறைவில்லாமல் போனது. அதற்காகத்தான் ஓக்லஹோமா ஆராய்ச்சியாளர்கள் திட்டு திட்டாக எரித்து மேயவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். முழுக்க எரிக்காமல் விட்டால் புதர் மூடி, அந்தப் புழு தின்னும் செடியே இல்லாமல் போகும். பசியில் செத்தாலும் சாவுதானே?

3. "புகை, கார்பன்?"

ஏப்ரலில் ஃபிளிண்ட் ஹில்ஸ் புகை கான்சாஸ் சிட்டி வரை போய் ஓசோன் அளவைக் கூட்டியது உண்மை. அதற்காக 2010ல் புகை மேலாண்மைத் திட்டம் போட்டார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்வது எரிப்பவரின் கடமை, அதில் சமரசம் கூடாது. கார்பன் வாதம் மட்டும் செல்லாது. எரிந்த புல்லின் கார்பனை அதே வருடம் முளைக்கும் புல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பெரிய டெபாசிட் மண்ணுக்கடியில் இருக்கிறது, அதைத் தீ தொடுவதில்லை.

4. "மரத்தை வெட்டி, காட்டைக் கொளுத்தி, இதுவா இயற்கை?"

சிகாகோவில் இது தெருச்சண்டையே ஆனது. 1977ல் ஸ்டீவ் பேக்கார்டு என்பவரும் தன்னார்வலர்களும் சிகாகோ ஆற்றின் வடகிளையோரம் புதர் மண்டிக் கிடந்த துண்டுகளைச் சீர்செய்யத் தொடங்கினார்கள். ஐரோப்பாவிலிருந்து வேலிச்செடியாக வந்த பக்தார்ன் புதரை வெட்டினார்கள், எரித்தார்கள். ஓக்குக்கு அடியில் என்ன வளர்ந்தது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. அவ்வளவு காலம் ஆகிவிட்டது! கடைசியில் மீட் என்ற இல்லினாய் டாக்டர் 1846ல் வெளியிட்ட செடிப் பட்டியலைத் தோண்டியெடுத்து விதை தேடினார்கள். பூக்கள் திரும்பின.

1996ல் எதிர்ப்பு கிளம்பியது. வீட்டுக்கு எதிரே இருக்கும் பச்சைத் திரை போகிறதே என்ற கோபம், புகைப் பயம், கேட்காமல் செய்கிறார்களே என்ற ஆதங்கம். கடைசிப் புகாரில் நியாயம் உண்டு. ஊரைக் கேட்காமல் ஊர்க்காட்டில் கை வைத்தால் ஊர் கேட்கத்தான் செய்யும். ஆனால் நிர்வாகம் செய்தது என்ன? குக் கவுண்டியில் மொத்த வேலைக்கும் தடை. அது படிப்படியாக விலகப் பல வருடம் பிடித்தது. அந்த வருடங்களில் பக்தார்ன் எந்தத் தடையும் இல்லாமல் வளர்ந்தது. புதர் பொதுக்கூட்டத்துக்கு வந்து அனுமதி கேட்பதில்லை.

என் குற்றப்பத்திரிகை

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

தீ வைக்கிறவன் திட்டம் எழுதுகிறான், கையெழுத்துப் போடுகிறான், தவறினால் கோர்ட்டுக்குப் போகிறான். தீ வைக்காமல் விடுகிறவன் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. 60 வருடம் எரிக்காமல் விட்டதால் ஓர் ஓக் சவானா செத்தால் யார் மேல் வழக்கு? எந்தப் பத்திரிகையில் தலைப்புச் செய்தி? செய்த தப்புக்குப் பெயர் இருக்கிறது, செய்யாமல் விட்ட தப்புக்குப் பெயரே இல்லை. அதனால் நாற்காலியில் இருப்பவனுக்கு எப்போதும் பாதுகாப்பான முடிவு: "இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்ப்போம்."

எங்கள் அக்கவுண்டன்ஸியில் முதல் வருடத்திலேயே ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். மிஷின் வாங்கினால் வருடாவருடம் தேய்மானம் எழுதணும். எழுதாமல் விட்டால் லாபம் நிறையக் காட்டும், முதலாளிக்குச் சந்தோஷம். பத்தாவது வருடம் மிஷின் படுத்ததும் குட்டு உடையும். தீயை நிறுத்தியது தேய்மானம் எழுதாத கணக்கு. "இந்த வருடம் தீ விபத்து பூஜ்யம்" என்று லாபம் காட்டினார்கள். செத்துக்கொண்டிருந்த பூச்செடிகள், பிறக்காத ஓக் கன்றுகள் எந்தப் பக்கத்திலும் பற்று எழுதப்படவில்லை. இப்போது புதர் வெட்டவும், விதை பொறுக்கவும், மருந்தடிக்கவும் ஏக்கருக்கு ஏக்கர் கொட்டி அழுகிறார்கள். ஒரு தீக்குச்சியில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

ஃபிளிண்ட் ஹில்ஸ் ஏன் பிழைத்தது? ஒன்று, கல் நிறைந்த நிலம், கலப்பை ஏறவில்லை. இரண்டு, அங்கே மாடு வளர்ப்பவர்கள் தீயை விடவே இல்லை. எரித்த மேய்ச்சலில் மாடு அதிக எடை போடும், அது நேராகக் கல்லாவுக்கு வரும். எரிக்காத நஷ்டம் யார் பையில் தெரிந்ததோ அவன் எரித்தான், புல்வெளி பிழைத்தது. ஓக்லஹோமா, டெக்சாஸ், நெப்ராஸ்காவில் ரெட் சீடர் மரம் மேய்ச்சல் நிலத்தை மூடிக்கொண்டே வருவதைப் பார்த்து விவசாயிகளே எரிப்புச் சங்கம் வைத்து, ஒருவர் நிலத்துக்கு இன்னொருவர் ஆள், தண்ணீர் வண்டி கொண்டுபோய் மொய் மாதிரி மாற்றி மாற்றி உதவுகிறார்கள். பாதுகாப்புப் பகுதிகளுக்கும் இதே பாடம்தான்: எத்தனை ஏக்கர் எரிக்கத் திட்டம், எத்தனை எரித்தீர்கள், மிச்சத்தை ஏன் எரிக்கவில்லை என்று வருடாவருடம் ஊருக்குக் கணக்குக் காட்டு. எரிக்காததற்கும் கையெழுத்துப் போடு. பழங்குடிகளை ஆலோசனைக்குக் கூப்பிட்டு போட்டோ எடுப்பதோடு நிற்காமல், அவர்கள் கையில் டார்ச்சைத் திருப்பிக் கொடு.

நம்ம ஊருக்கு இதை அப்படியே ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். சோலைக்காடு வேறு, பிரெய்ரி வேறு. ஆனால் நீலகிரிப் புல்வெளியைச் "சும்மா கிடக்கிற நிலம்" என்று சீகையும் யூகலிப்டஸும் நட்டு மூடியதும், பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் சருகுக்கு வைத்த சின்னத் தீயை நிறுத்திய பின் உண்ணிச்செடி மண்டியதும் இதே மனசு செய்த வேலைதான். மரம் இருந்தால் இயற்கை, இல்லாவிட்டால் தரிசு. எந்த இடத்தில் எது இருந்தது என்று கேட்காமல் கன்று நடுகிறவர் செல்ஃபி எடுக்கலாம், சூழலியல் பேசக்கூடாது.

கடைசியாக ஓர் ஆள். ஆல்டோ லியோபோல்டு, கர்ட்டிஸ் பிரெய்ரி உருவான ஆர்போரீட்டத்தின் ஆராய்ச்சி இயக்குநர், சூழலியல் எழுத்தின் பிதாமகர்களில் ஒருவர். 1948 ஏப்ரல் 21ல் பக்கத்துப் பண்ணையில் பரவிய புல் தீயை அணைக்கப் போனவர் அங்கேயே மாரடைப்பில் இறந்தார். அவரைச் சேர்ந்தவர்கள் அதற்குப் பின் தீயைக் கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கைவிடவில்லை. அவர் குடும்பம் நட்ட பிரெய்ரியையும் ஆர்போரீட்டத்தையும் பின்னால் வந்தவர்கள் எரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். தீ ஆபத்தானது என்று அவர்களை விடத் தெரிந்தவர்கள் யாருமில்லை. இருந்தும் ஏப்ரலில் டார்ச்சை எடுக்கிறார்கள்.

கீழே வந்து "பாவிகளா" என்று எழுதுவதற்கு முன்னால் அதை ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பி.கு.: ஆட்டோ அனுப்புபவர்கள் மீட்டர் போட்டு அனுப்பவும். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் பின்னூட்டத்தில் தாராளமாகக் கும்மலாம். "மரம் நடுவோம்" என்று ஒற்றை வரி போடுபவர்கள், எந்த மரம், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துப் போடவும்.